ஏழே படிகளில் அழகுராணி

பிலிப்பைன்ஸில் பிறந்துவிட்டு அழகுராணிப் போட்டியிலிருந்து தப்பிப்பது கடினம். ஒன்று மேடையில் நிற்பீர்கள், இல்லையென்றால் கீழே நின்று தொண்டை கட்டக் கத்துவீர்கள். எப்படியும் மாட்டப்போகிறீர்கள், முறையாகவே கற்றுக்கொள்ளுங்கள்.

1. திருவிழாவில் தொடங்குங்கள். மே மாத சாந்தாக்ரூசான் ஊர்வலத்தில் பூ வளைவுக்குக் கீழே ரெய்னா எலேனாவாக நடக்க இடம் பிடியுங்கள். கடைசியில் வருபவர்தான் தலைமை ராணி. அவசரப்பட்டு முன்னால் போய்விடாதீர்கள்.

2. சொந்தக்காரர்களைப் பார்த்துப் பிறந்துகொள்ளுங்கள். ஊர்ப்புறப் போட்டிகள் பலவற்றில் யார் பக்கம் டிக்கெட் அதிகம் விற்கிறதோ அவருக்கே மகுடம்; வசூல் கோயில் கூரைக்கோ பள்ளிச் சுவருக்கோ போகும். சித்தப்பா துபாயிலும் அத்தை ரோமிலும் இருந்தால் நீங்கள் இப்போதே பாதி அழகி.

3. நடக்கத் தெரியும் என்ற நினைப்பை விடுங்கள். மணிலாவில் இதற்கென்றே பயிற்சி முகாம்கள் இருக்கின்றன. ஹீல்ஸோடு உட்கார்ந்து வாத்து நடை நடக்கவிடுவார்கள். தொடை கதறும், முகம் மட்டும் சிரிக்க வேண்டும். பிறகு நடைக்கு ஒரு பேர் வையுங்கள். 2011-இல் மிஸ் யுனிவர்ஸுக்குப் போன ஷாம்சி சுப்சுப்புக்கு 'சுனாமி நடை'. 2018-இல் கத்ரியோனா கிரே நடந்தபடியே நிதானமாக ஒரு சுழல் சுழன்றார்; அது 'லாவா நடை' ஆனது. இறுதிச் சுற்றுக்கு மயோன் எரிமலையை மனதில் வைத்துத் தைத்த சிவப்பு கவுன் போட்டு, மிஸ் யுனிவர்ஸ் பட்டத்தையும் வாங்கிப்போனார். புயல், நிலநடுக்கம் பக்கம் நீங்கள் முயன்று பாருங்கள்.

4. கேள்விக்குப் பயப்படாதீர்கள். 2010-இல் வீனஸ் ராஜ், தன் வாழ்க்கையில் 'மேஜர் மேஜர்' பிரச்சினை எதுவும் இல்லை என்று மிஸ் யுனிவர்ஸ் மேடையில் சொன்னார். மகுடம் கிடைக்கவில்லை. ஆனால் நாடே அந்த இரட்டைச் சொல்லைப் பிடித்துக்கொண்டது. நன்றாகச் சொன்ன பதிலை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்?

5. தோற்றாலும் இறங்காதீர்கள். பியா வூர்ட்ஸ்பாக் 'பினிபினிங் பிலிபினாஸ்' என்ற தேசியப் போட்டியில் மூன்றாம் முறைதான் ஜெயித்தார். அதே ஆண்டு, 2015-இல், லாஸ் வேகாஸில் மிஸ் யுனிவர்ஸ் பட்டம் கொலம்பியாவுக்கு என்று தொகுப்பாளர் ஸ்டீவ் ஹார்வி அறிவித்து, மகுடமும் சூட்டியாகிவிட்டது. பிறகு அவரே திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டார். சீட்டைத் தப்பாக வாசித்துவிட்டாராம்; ஜெயித்தது பியா. பியா மேடையிலேயே நின்றதால்தான் மகுடம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

6. மேடை வாய்க்கவில்லையா, ரசிகராகுங்கள். லாஸ் வேகாஸில் ஞாயிறு இரவு போட்டி என்றால் மணிலாவில் திங்கள் காலை. ஆபீசுக்கு வயிற்றுவலி என்று சொல்லலாம். மேலாளருக்கும் அன்றைக்கு அதே வயிற்றுவலிதான்.

7. வெளிநாட்டில் வேலையா? ஹாங்காங்கில் வீட்டுவேலை செய்யும் பிலிப்பினோப் பெண்கள் தாங்களே போட்டி நடத்துகிறார்கள். 'சண்டே பியூட்டி குயின்' என்ற ஆவணப்படமே வந்து, 2016-இல் மெட்ரோ மணிலா திரைப்பட விழாவில் சிறந்த படம் என்ற விருதை வாங்கியது. வாரம் முழுக்கப் பிறத்தியார் சமையலறை. ஒரே விடுமுறையான ஞாயிறன்று ஒத்திகை, ஒப்பனை, தோளில் பட்டை. ஆறு நாள் ஏவலுக்கு ஓடியவரை அன்றைக்கு ஒரு கூட்டமே எழுந்து நின்று பேர் சொல்லிக் கூப்பிடுகிறது. அதற்காகத்தான் இத்தனை பாடும்.

ஆனால் கடிகாரத்தைப் பாருங்கள். முதலாளி வீட்டிலேயே தங்க வேண்டும் என்பது அங்கே சட்டம். எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்பது பல வீடுகளில் முதலாளியம்மாவின் சட்டம். வேலை போனால் பொதுவாக இரண்டு வாரத்துக்குள் ஊரைவிட்டே கிளம்ப வேண்டும். ஆகவே மகுடத்தைப் பைக்குள் போட்டு, ஒட்டு இமைமுடியைப் பிய்த்தெடுத்துவிட்டு, ஓடிப்போய் ரயில் பிடியுங்கள். பிரபஞ்ச அழகிக்குப் பதவிக்காலம் ஒரு வருஷம். உங்களுக்கு ராத்திரி வரை.