எத்தனையாவது குரோமோசோம், டாக்டர்?

நந்தனத்தில் மெட்ரோ ஏறி சென்ட்ரல் பக்கம் போகிற ஹவுஸ் சர்ஜனை அடையாளம் காண ஸ்டெதஸ்கோப் வேண்டாம். உட்கார இடம் இருந்தும், கம்பியில் சாய்ந்துகொண்டு செல்போனில் எம்.சி.க்யூ. தட்டிக்கொண்டிருப்பார். எட்டிப் பார்த்தேன். பதினெட்டு வயதுப் பையன், கை நடுக்கம், கல்லீரல் கோளாறு, கருவிழி ஓரத்தில் பழுப்பு வளையம். ஐயோ, என்ன மருந்து கொடுக்கப் போகிறார்கள் என்று நான் பதறினால், கேள்வி வேறு: பழுதான மரபணு எத்தனையாவது குரோமோசோமில் இருக்கிறது? (வில்சன் நோய், 13. பையன் பிழைத்தானா என்பது சிலபஸில் இல்லை.)

இதெல்லாம் தேர்வுக்காகத்தான். வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்து வருபவர்களுக்கு எஃப்.எம்.ஜி.இ. தேர்வு: 300 கேள்வி, 150 வாங்கினால் பாஸ். அதில் 100 கேள்வி அனாட்டமி, பயோகெமிஸ்ட்ரி வகையறா. உள்ளூரில் படித்தவர்களையும் சேர்த்து ‘நெக்ஸ்ட்’ என்று ஒரே தேர்வு வைக்க 2019-ம் ஆண்டுச் சட்டம் மூன்றாண்டு கெடு போட்டது. 2023 ஜூனில்தான் விதிமுறை வந்தது. மாதிரித் தேர்வுக்குத் தேதியும் குறித்தார்கள். ஜூலையிலேயே ஒத்திவைத்துவிட்டார்கள். மாணவர்களைப் படிக்கச் சொல்ல மட்டும் யாரும் தேதி பார்ப்பதில்லை.

அதே 2023 செப்டம்பரில் மேற்படிப்புக்கான நீட் பி.ஜி. தேர்வுக்கு கட்-ஆஃப் பூஜ்ய பெர்சன்டைல் ஆனது. மைனஸ் மார்க் வாங்கியவரும் கவுன்சலிங்குக்குத் தகுதி! 13-ஐ உருப்போட்டவரும் 31 என்று டிக் அடித்தவரும் ஒரே க்யூவில். சீட் காலியாகக் கிடக்கக் கூடாதல்லவா.