தண்ணி மணி

தண்ணீர் குடிக்கவும் இப்போது மணி அடிக்கிறார்கள். 2019-இல் கேரளப் பள்ளிகளில் ஒலிக்கத் தொடங்கிய ‘வாட்டர் பெல்’ 2025-இல் தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. நல்ல திட்டம்தான், குறை சொல்லவில்லை. மணி அடித்ததும் பிள்ளைகள் பாட்டிலைத் திறந்து இரண்டு மடக்கு குடிக்கிறார்கள். குடித்தது எங்கே போகும் என்பதற்குத்தான் மணி இல்லை. கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லாத பள்ளியில் பெண் பிள்ளைகள் நாக்கை மட்டும் நனைத்துக்கொண்டு நாளை ஓட்டுவது சோம்பேறித்தனம் அல்ல, முன்யோசனை. துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்களைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள்.

கழிப்பறைக் கவலை இல்லாத பெரியவர்களுக்கு மணிக்குப் பதில் செல்போன் செயலி. ஒரு நாளைக்கு எட்டு டம்ளர் என்று அது அதட்டும். 1945-இல் அமெரிக்காவின் உணவு ஊட்டச்சத்து வாரியம் இரண்டரை லிட்டர் என்று சொன்னது உண்மைதான். அதில் பெரும்பகுதி சாப்பாட்டிலேயே இருக்கிறது என்று கையோடு சொன்னதும் உண்மை. அந்த வரியை மட்டும் யாரும் படிக்கவில்லை. படித்திருந்தால் ரசமும் மோரும் கணக்கில் வந்திருக்கும். அப்புறம் மணிக்கொரு கோடு போட்ட பாட்டிலை 500 ரூபாய் கொடுத்து யார் வாங்குவது?