வயல்வெளியில் வீடு: முடிவு யார் கையில்?

கேள்வி: இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் சொந்த நிலத்தில் வீடு கட்டவும் உள்ளூர் மன்றக் குழுவின் அனுமதி வேண்டுமாமே, அக்குழு உயர்ந்த கைகளை எண்ணித்தான் முடிவெடுக்கிறதா?

பதில்: கைகள் எண்ணப்படுவது உண்மை, ஆனால் எதற்காகக் கை உயரலாம் என்பதைச் சட்டமே வரையறுக்கிறது. 1947ஆம் ஆண்டின் நகர, ஊரகத் திட்டமிடல் சட்டம் நிலத்தை உரிமையாளரிடமே விட்டு, அதில் புதிதாகக் கட்டும் உரிமையையும் அதன் பயன்பாட்டை மாற்றும் உரிமையையும் மட்டும் பொது அனுமதிக்கு உட்படுத்தியது. பெரும்பாலான விண்ணப்பங்களை மன்ற அலுவலர்களே முடித்துவிட, பெரியவையும் சர்ச்சைக்குரியவையுமே தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் குழுவுக்கு வருகின்றன. எங்கே எதைக் கட்டலாம் என்று முன்கூட்டியே வகுத்த ஆவணமான ‘வளர்ச்சித் திட்ட’த்துக்கு இணங்கவே முடிவு அமைய வேண்டும் என்றும், விலகுவதானால் நிலப் பயன்பாட்டோடு தொடர்புடைய தக்க காரணம் வேண்டும் என்றும் 2004ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டத்தின் 38(6)ஆம் பிரிவு கூறுகிறது. எனவே பழைய தானியக் களஞ்சியத்தை வீடாக்க ஒருவர் அனுமதி கேட்டால், குறுகிய பாதையில் திரும்பும் வண்டிக்கு எதிரே வருவது தெரியுமா, கூரையில் வௌவால்கள் தங்குகின்றனவா, கழிவுநீர் எங்கே போகும் என்பவை ஆராயப்படும்; அண்டை வீட்டின் விலை குறையும், அதன் ஜன்னல் காட்சி மறையும் என்ற வாதங்கள் எடுபடா. மறுத்தால் எழுத்தில் காரணம் தர வேண்டும். விண்ணப்பதாரர் மேல்முறையீடு செய்யலாம், நியாயமற்ற மறுப்பென்றால் அவருடைய செலவை மன்றமே ஏற்க நேரலாம். எதிர்த்த அண்டை வீட்டாருக்கோ மேல்முறையீட்டு உரிமை இல்லை. ஆகவே ஊரின் மீது அக்கறை கொண்டவர்கள் குழு கூடும் நாளுக்குக் காத்திராமல், வளர்ச்சித் திட்டம் வகுக்கப்படும்போதே தம் கருத்தைப் பதிவு செய்ய வேண்டும்.