பாகம் பிரித்த பெரியவருக்கு ஒரு மனு

அனுப்புநர்: சி டிரைவில் மூச்சு முட்டக் குடியிருந்த ஒருவன்.

பெறுநர்: உயர்திரு பாகப்பிரிவினை அதிகாரி அவர்கள், லேப்டாப் தொழிற்சாலை (பெயரைச் சொன்னால் வாரன்ட்டி போய்விடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள்).

பொருள்: சி-க்கும் டி-க்கும் நடுவே இனி எல்லைக்கல் நடாதிருக்க வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: என் சி டிரைவின் மேல் ஆறு மாதமாக எரிந்த சிவப்புக் கோடு.

ஐயா,

தாங்கள் அனுப்பிய பெட்டியின் மேல் 512 ஜிபி என்று அச்சிட்டிருந்தது. திறந்து பார்த்தால் 476 இருந்தது. விசாரித்ததில், நூறு கோடி பைட்டைத் தாங்கள் ஒரு ஜிபி என்று விற்கிறீர்கள், விண்டோஸோ 1024-ஐ மூன்று தடவை பெருக்கி வருவதைத்தான் ஒரு ஜிபி என்று அளக்கிறது என்று தெரிந்தது. விற்க ஒரு படி, அளக்க ஒரு படி. குழப்பம் தீரட்டும் என்று 1998-ல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் பெரிய படிக்கு ‘ஜிபிபைட்’ என்று தனிப்பெயரே சூட்டியது. அந்தப் பெயர் இன்னும் தங்கள் பெட்டிவரை வந்து சேரவில்லை. போகட்டும், ரேஷன் கடையில் பழகியவன் நான். அதை மன்னித்துவிட்டேன்.

மன்னிக்க முடியாதது அதன் பிறகு தாங்கள் செய்த பாகப்பிரிவினை. மூத்தவன் சி-க்கு 100 ஜிபி, இளையவன் டி-க்கு 375.

ஏ, பி இருவரும் ஃபிளாப்பியோடு காலமாகிவிட்டதால், வீட்டுக்கு மூத்தவன் சி-தான். பெரிய குடும்பஸ்தன். விண்டோஸ் அவன் வீட்டில்தான் குடியிருக்கிறது. மாதாமாதம் அப்டேட் விருந்தாளியாக வருகிறது. பெரிய அப்டேட் என்றால் பழைய விண்டோஸையும் ‘விண்டோஸ்.ஓல்ட்’ என்று பத்து நாள் திண்ணையில் படுக்கவைத்துக் காக்க வேண்டும். லேப்டாப் ஹைபர்னேட்டுக்குப் போனால் நினைவை எழுதிவைக்க ஒரு கோப்பு. 16 ஜிபி ரேம் என்றால் அதற்கே ஆறு ஜிபிக்கு மேல். பிரவுசரின் குப்பையும் அவன் கொல்லையில்தான் கொட்டப்படுகிறது. இளையவன் டி பிரம்மச்சாரி. 375 ஜிபி பங்களாவில் அக்காவின் கல்யாண வீடியோவை மட்டும் வைத்துக்கொண்டு காற்று வாங்கிக்கொண்டிருந்தான்.

“புது சாஃப்ட்வேரை டி-யில் போடலாமே” என்பார்கள். பல சாஃப்ட்வேர்கள் எங்கே இறங்குவது என்று கேட்பதே இல்லை. நேராக மூத்தவன் வீட்டில் செருப்பைக் கழற்றிவிடுகின்றன.

சரி, அண்ணன் தம்பிக்குள் பேசித் தீர்க்கலாம் என்று ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ என்னும் தாலுகா ஆபீஸுக்குப் போனேன். டி-யில் 200 ஜிபியைச் சுருக்கு என்றேன். மறுபேச்சின்றிச் சுருங்கியது. கறுப்புப் பட்டையோடு நிலம் தரிசாகத் தெரிந்தது. சி-யைத் தட்டி ‘எக்ஸ்டெண்ட் வால்யூம்’ கேட்டால், அந்த வரி மட்டும் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. காரணம் சட்டப்படி சரியானது: தரிசு நிலம் சி-யின் வலப்பக்க வேலியை ஒட்டியே இருக்க வேண்டும். டி-யோ தன் வலக்கோடியில், கொல்லைப்புறத்தில்தான் விட்டுக்கொடுத்திருந்தான். அண்ணனுக்குக் கொடுத்த நிலத்துக்குப் போக வழி தம்பியின் வீட்டுக்குள்தான்.

தம்பியை மொத்தமாகக் காலி செய்தாலும் தீராது. இருவருக்கும் நடுவே ‘ரிகவரி’ என்று ஒரு ஜிபியில் காவல்காரன் குடிசை போட்டிருக்கிறான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். விண்டோஸ் நோயில் விழுந்தால் எழுப்புகிறவன் அவன். குடிசை பெரிதாக வேண்டுமானால் சி-யிடமிருந்து இடம் வாங்கத் தோதாகத்தான் அவனை சி-யை ஒட்டி வைப்பது முறை. 2024 ஜனவரியில் ஒரு விண்டோஸ் 10 அப்டேட், அந்தக் குடிசையில் 250 எம்பி காலியிடம் இல்லாத லேப்டாப்களில் ஏறாமல் நின்றது. பார்ட்டிஷன் அளவை நீங்களே கட்டளை அடித்து மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லப்பட்டது. வீட்டுக்காரரையே சர்வேயர் சங்கிலியைத் தூக்கச் சொன்ன கதை அது.

நானும் தூக்கினேன். டி-யில் இருந்ததை எக்ஸ்டெர்னல் டிஸ்க்குக்கு மாற்றினேன். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரை நிறுத்திவைத்து, அதன் 48 இலக்கச் சாவியைக் காகிதத்தில் எழுதிக்கொண்டேன். டி-யை அழித்தேன். பார்ட்டிஷன்களை நகர்த்தும் ஜிபார்ட்டெட் ஏற்றிய பென்டிரைவில் லேப்டாப்பை எழுப்பி, காவல்காரனைக் குடிசையோடு வலக்கோடிக்கு நகர்த்தி, பிறகு விண்டோஸுக்குத் திரும்பி சி-யை நீட்டினேன். நகர்த்துவது என்றால் ஒவ்வொரு பைட்டையும் பெயர்த்து வைப்பது. பாதியில் நின்றால் குடிசை இங்கும் இருக்காது, அங்கும் இருக்காது. அதனால் சார்ஜர் பக்கம் யாரும் வரக்கூடாது என்று வீட்டில் 144 போட்டிருந்தேன். கடைசியில் ‘ரீஏஜென்ட்சி’ கட்டளையைக் கொடுத்து, காவல்காரன் வேலைக்குத் திரும்பினானா என்று விசாரித்துக்கொண்டேன்.

தங்கள் தரப்பு நியாயம் எனக்குத் தெரியும். விண்டோஸ் கெட்டு சி-யை அழிக்க நேர்ந்தால் டி-யில் உள்ள படங்கள் பிழைக்கும் என்பீர்கள். அந்த ஒரு ஆபத்துக்கு அது சரி. ஆனால் டிஸ்க் ஒன்றுதானே? அது செத்தால் அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே பாடை. லேப்டாப் திருடு போனால் திருடன் டி-யை மட்டும் திருப்பித் தர மாட்டான். எஸ்எஸ்டியில் அந்த வேலியே பட்டாவில் மட்டும்தான் இருக்கிறது. உள்ளே கன்ட்ரோலர், சில்லுகள் சீராகத் தேய வேண்டும் என்று இருவரின் சாமான்களையும் கலந்தே இறைத்து வைக்கிறது. ‘டி-யில் போட்டாச்சு’ என்ற நிம்மதியில் வேறிடத்தில் ஒரு நகல் எடுக்காமல் விடுகிறோமே, தங்கள் எல்லைக்கல்லால் வந்த பெரிய நஷ்டம் அதுதான்.

ஆகவே ஐயா, இனி அனுப்பும் லேப்டாப்களில் காவல்காரன் போக மீதியை முழுசாக சி-க்கே எழுதிக்கொடுங்கள். பிரிக்க வேண்டியவர்கள் பிரித்துக்கொள்வார்கள். அது ஐந்து நிமிட வேலை. சேர்க்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் ஆனது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளன்.

இணைப்பு: ஏதுமில்லை. கல்யாண வீடியோ எக்ஸ்டெர்னல் டிஸ்க்கில் ஒன்றும், அக்கா வீட்டில் ஒன்றுமாக இருக்கிறது.