கண்ணைக் கசக்காத, மருமகளே!

வாத்தா மருமகளே, இப்பிடி ஒக்காரு. ஒங்கம்மா எல்லாத்தையும் சொன்னா. தை மாசம் முகூர்த்தமாம், அதுக்குள்ள கண்ணுக்கு லேசர் வச்சு, லென்ஸையும் கண்ணாடியையும் ஒரேயடியாத் தலைமுழுகிடணுமாம். சனிக்கெழம ராத்திரி லென்ஸக் கழட்டுறது, ஞாயித்துக்கெழம காலைல லேசரு, திங்கக்கெழம ஆபீஸு. அடேயப்பா! அந்தக் கம்பெனிக்காரன் ஒன்னையச் சும்மாவா சம்பளம் குடுத்து வச்சிருக்கான்! டாக்டருகிட்ட மட்டுந்தான் இன்னும் சொல்லலை போல. அது கெடக்கு, நீ தேதி குறிச்சாச்சுல்ல, அவரு வந்து சேந்துக்கிருவாரு.

நான் அஞ்சாப்பு தாண்டாதவன். தலையாரி உத்தியோகத்துல சர்வேயருக்குச் சங்கிலி பிடிச்சே காலத்த ஓட்டினவன். ஆனா மதுரை அரவிந்த் ஆஸ்பத்திரில எனக்குப் புரை எடுத்தப்போ, லேசருக்கு வந்து ஒக்காந்திருந்த பயலுக வாயையும், சொட்டு மருந்து விட வந்த புள்ளைக வாயையும் நல்லாக் கிண்டிட்டு வந்தேன். அந்தப் புள்ளைக முக்காவாசி கிராமத்துப் புள்ளைக. பள்ளிக்கூடம் முடிச்சதும் ஆஸ்பத்திரிக்காரங்களே எடுத்துப் பழக்கி விட்டிருக்காங்க. ஒரு கேள்வி கேட்டா மூணு பதில் சொல்லுதுக. அதனால மாமன் சொல்றதக் கேளு. கேக்காட்டியும் பரவால்ல, மூஞ்சிய மட்டும் அந்தப் பக்கம் திருப்பாத.

லென்ஸக் கழட்டின மறுநாளே எந்த டாக்டரும் லேசர் வைக்க மாட்டாரு. வைக்கிறேன்னு ஒருத்தர் சொன்னா, செருப்ப மாட்டிக்கிட்டு எந்திரிச்சு வந்துரு. காலேஜ் சேந்த நாள்லருந்து போடுறவ நீ. மோதிரத்தக் கழட்டினா விரல்ல தடம் கெடக்குதுல்ல, அந்தக் கததான் இங்கயும். லென்ஸு மேலயே ஒக்காந்திருந்து கருவிழியோட வளைவ மாத்தி வச்சிருக்கும். அது தன் பழைய உருவத்துக்குத் திரும்பணும். சாஃப்ட் லென்ஸ்னா ஒரு வாரம், ரெண்டு வாரம். சிலிண்டர் பவருக்குப் போடுற டோரிக்னா இன்னும் கொஞ்சம் தாமசம். கெட்டி லென்ஸ்னா ஒரு மாசம், சிலபேருக்கு அதுக்கு மேலயும் ஆகும். ஒரு தடவ அளந்துட்டு, சந்தேகம்னா மறுபடி வரச் சொல்லி அளப்பாங்க. ரெண்டு அளவும் ஒத்து வந்தாத்தான் மேல பேச்சே.

அளவு தப்பினா என்னன்னு கேக்குறியா? லேசரு தன்னால ஒண்ணையும் யோசிக்காது. குடுத்த அளவுக்குச் செதுக்கும். தப்பான அளவக் குடுத்தா, அந்தத் தப்பத் துல்லியமாச் செதுக்கி வச்சிரும். அப்புறம் மறுபடி கண்ணாடிதான்.

கணக்கப் பாரு. கருவிழிக்கு நடுவுல கனம் அரை மில்லிமீட்டர். மைக்ரான்ல சொன்னா 540 சொச்சம், ஆளுக்கு ஆள் கூடும் கொறையும். மேல ஒரு மெல்லிசு ஏட்ட வெட்டித் தூக்குவாங்க, அது 110 மைக்ரான்னு வச்சுக்க. ஒரு பவருக்கு 12-லருந்து 15 மைக்ரான் செதுக்கணும். ஒனக்கு மைனஸ் அஞ்சு, அதுக்கு ஒரு 70. மிச்சம் 360. அடில 250-க்குக் கொறையாம மிஞ்சணும், 300 இருந்தா நிம்மதின்னு சொல்லுவாங்க. ஒனக்கும் அந்தக் கனம் இருந்தாத் தேறும். என் பக்கத்துல ஒக்காந்திருந்த பயலுக்குக் கனம் 480, பவரு மைனஸ் ஒம்போது. நானே வெரல் விட்டு எண்ணிப் பாத்துட்டு, தம்பி, ஒனக்கு ஆவாதுப்பான்னேன். மொறச்சான். உள்ள போயிட்டு வந்து, அதே பதிலச் சொல்லிட்டாங்க, கண்ணுக்குள்ள லென்ஸ் வைக்கிற வேற வழிய யோசிக்கலாம்னாங்கன்னு சொன்னான். அதுக்கப்புறம் எனக்கும் சேத்துக் காப்பி வாங்கியாந்தான்.

கனம் மட்டும் பத்தாது, வளைவும் சரியா இருக்கணும். கருவிழி கூம்பி முன்னால தள்ளிக்கிட்டு வர்ற நோவு ஒண்ணு இருக்கு. எந்நேரமும் கண்ணக் கசக்குறவங்களுக்கு அது வர்ற ஆபத்து கூட. அந்த நோவோட அடையாளம் லேசாத் தெரிஞ்சாலே இந்த லாசிக் லேசரு கெடையாதுன்னு அனுப்பிருவாங்க. பதினெட்டு வயசு ஆகியிருக்கணும், ஒரு வருசமாவது பவரு ஏறாம நின்னிருக்கணும். வயசும் பவரும் ஒனக்குச் சரியா இருக்கு. சரியா இல்லாதது வேற ஒண்ணு. அங்கதான் எனக்குப் பயமே.

லென்ஸ் போடாத அந்த ரெண்டு வாரமும் நீ கண்ணாடி போட்டாகணும். ஆபீஸ்ல ஒனக்குக் கண்ணு தெரியாதுன்னு ஒருத்தருக்கும் தெரியாதாமே! அதுக்கு நடுவுல கடற்கரைல மாப்பிள்ளையோட போட்டோ எடுக்கப் போறீங்களாம், கல்யாணத்துக்கு முன்னாடி எடுக்குற போட்டோ. அன்னைக்கு ஒரு நாள் மட்டும், அதுவும் ரெண்டே மணி நேரம் மட்டும், லென்ஸ மாட்டிக்கிருவ. அப்புறம் டாக்டர் கேக்கையில, ‘இல்ல டாக்டர், போடவே இல்ல’ன்னு ஒரு சிரிப்புச் சிரிப்ப. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். பம்ப்செட்ல லென்ஸோட குதிச்சுட்டு ஒங்கம்மாகிட்ட சிரிச்ச சிரிப்பு அது. அளக்குற மெஷினு ஒன்னையக் காட்டிக் குடுத்தாத் தப்பிச்ச. காட்டிக் குடுக்காமப் போனாத்தான் ஆபத்து.

ஒன் லென்ஸ் புராணம் எனக்குத் தெரியாதா? பெரியகுளத்துச் சடங்கு வீட்டுப் பந்தில ஒன் கண்ணுலருந்து ஒண்ணு விழுந்துச்சு. ‘யாரும் காலத் தூக்காதீங்க!’ன்னு நீ போட்ட சத்தத்துல சாம்பார் வாளியோட நின்னவன் அப்பிடியே நின்னுட்டான். எலைக்கு அடியில, பாய்க்கு அடியில, பெருசுக எல்லாம் முட்டி போட்டுத் தேடுதுக. என்னத்தாத் தொலைஞ்சது, தோடா மூக்குத்தியான்னு ஒரு கெழவி கேட்டா. கண்ணுன்னு எவனோ சொல்லிட்டான். அவ மயங்கி விழுந்து, அப்புறம் அவளுக்குச் சோடா தேடினோம். கடைசில அது அப்பளத்துல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. நீ என்ன செஞ்ச? குடிக்கிற தண்ணில அலசி மறுபடி மாட்டுன. எனக்கு அன்னைக்கு ஒண்ணும் தெரியாது, சிரிச்சேன். ஆஸ்பத்திரிப் புள்ள சொன்னப்பறம் வயித்தக் கலக்கிருச்சு. குழாத்தண்ணி, கெணத்துத்தண்ணில அகாந்தமீபான்னு ஒரு கிருமி இருக்குமாம். லென்ஸுக்கு அடியில புகுந்துச்சுன்னா கருவிழியவே தின்னு புண்ணாக்கிருமாம், மருந்துக்கும் லேசுல மசியாதாம். ராப் பஸ்ல லென்ஸோட தூங்கி, காலைல ரெண்டு கண்ணும் செவந்து எறங்குவியே, அதுவும் கெடுதி. லேசரு வேணும்னு நீ கேக்குறதுல நியாயம் இல்லாம இல்ல, அத நான் ஒத்துக்கிறேன்.

இன்னொரு சேதி கேளு. இந்த லேசரோட கதையில நம்ம மெட்ராஸ் ஆளு ஒருத்தர் இருக்காரு. ரங்கசாமி சீனிவாசன்னு பேரு, சென்னைப் பல்கலைக்கழகத்துல படிச்சுட்டு அமெரிக்கா போயி, ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்துல வேலை பாத்தவரு. 1981 நவம்பர்ல அங்க நன்றி நாள் விருந்து. மிஞ்சின வான்கோழித் துண்ட ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துட்டுப் போயிட்டாரு. நம்ம ஊரா இருந்தா மிச்சக் கறிய மறுநாள் சுண்ட வச்சிருப்போம். அவரு 193 நானோமீட்டர் எக்சைமர் லேசர அது மேல பாய்ச்சினாரு. சுத்தி இருந்த எடம் கருகாம, வெந்து போகாம, ஒளி பட்ட எடம் மட்டும் சுத்தமாச் சீவிக்கிட்டு வந்துச்சு. ஒரு அடிக்குக் கால் மைக்ரான் அளவு. அதப் பாத்துட்டுத்தான் கண்ணுக்கு ஆகும்னு டாக்டர்மாருக வந்தாங்க, 1983-ல கருவிழில சோதிச்ச சேதியையும் எழுதினாங்க. சீனிவாசனுக்கும் கூட இருந்த ரெண்டு பேருக்கும் 2013-ல ஒபாமா கையால பதக்கம். நூலகத்துல படிச்சதுதான். வான்கோழி புண்ணியத்துல கண்ணு தெரியப் போகுது, சைவம்னு சொல்லிக்கிட்டுத் திரியாத.

வைக்கிற அன்னைக்குப் பெருசா ஒண்ணும் இல்ல. மையி, மஸ்காரா, சென்ட்டு எதுவும் கூடாது. மரத்துப் போக மருந்து விட்டு, இமை மூடாம இருக்க ஒரு கிளிப் மாட்டுவாங்க. ஏடு வெட்டும்போது கண்ண அழுத்திப் பிடிக்கும், கொஞ்ச நேரம் இருட்டிக்கிட்டு வரும், பதறாத. அப்புறம் மேல மினுக்குற வெளக்கையே பாக்கச் சொல்லுவாங்க. முடி கருகுற வாடை ஒண்ணு வரும், அது ஒன் முடி இல்ல. லேசரு பாயிறது கொஞ்ச விநாடிதான், ரெண்டு கண்ணுக்கும் சேத்துக் கா மணி நேரத்துல வெளிய வந்துருவ. அன்னைக்குப் பூராம் எரியும், தண்ணியாக் கொட்டும். வீட்டுக்குப் போயித் தூங்கு. மறுநாள் காலைல காலண்டர்ல நல்ல நேரம் தெரியும்.

தெரிஞ்சதும் மெதப்பு வரும், அப்பத்தான் ஒங்கம்மா வருவா. ஒரு கைல வெளக்கெண்ணெய், மறு கைல நந்தியாவட்டப் பூ. போதாக்குறைக்குப் பக்கத்து வீட்டுப் பச்சப் புள்ளக்காரிகிட்ட தாய்ப்பாலுக்கும் சொல்லி வச்சிருப்பா. கதவச் சாத்திரு. டாக்டர் எழுதின சொட்டு மருந்தத் தவிர ஒரு பொட்டு எதுவும் கண்ணுல படக் கூடாது. கசக்கவே கூடாது, வெட்டின ஏடு நகண்டுரும். ராத்திரி தூக்கத்துல கை போகும்னுதான் மூடி குடுத்து விடுறாங்க, அத ஒட்டிக்கிட்டுப் படு. கருவிழி நரம்பும் சேந்து வெட்டுப்படுறதால கொஞ்ச மாசத்துக்குக் கண்ணு வறண்டே கெடக்கும். ராத்திரி வண்டி வெளக்கச் சுத்தி வட்டம் தெரியும், பெரும்பாலும் போகப் போகக் கொறஞ்சுரும். ஏற்கெனவே வறட்சி இருந்தா முன்கூட்டியே சொல்லிரு. லென்ஸ் போட்டா சாயங்காலம் உறுத்துதுன்னு சொல்லுவியே, அத டாக்டருகிட்ட சொல்லு, எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது.

இப்ப ஒன் தைக் கல்யாணத்துக்கு வருவோம். இது கார்த்திகை. லென்ஸக் கழட்டி, அளந்து, மறுபடி அளந்து, தேதி கெடச்சு வைக்கிறப்போ மார்கழி பாதியாயிரும். அப்புறம் போகிப் புகை. அடுத்து நலங்கு, மூஞ்சில மஞ்சளு. தலைல கொடங்கொடமா ஊத்துவாங்க, ஒரு பொட்டுத் தண்ணி கண்ணுல படக் கூடாதுன்னு ஒங்க அத்தைமாருகிட்ட நீயே சொல்லு பாப்போம்! மணவறைல ஐயரு நெய்ய ஊத்தி ஊத்திப் புகையக் கெளப்புவாரு. அட்சதைய ஒங்க சித்தப்பன் வீசுவான், கிரிக்கெட் வெளையாடுனவன், குறி தப்பாது. கண்ணுக்கு மை தீட்டாமப் பொண்ணா நிப்பியா நீ? அரை மணிக்கொரு தரம் சொட்டு மருந்து விட்டா, பொண்ணு தாலி ஏறுறதுக்கு முன்னாலயே அழுகுதேன்னு சம்பந்தி வீட்டுல கேப்பாங்க.

பேசாமக் கண்ணாடியோட மணவறைல ஒக்காரு. பங்குனில லேசரு வச்சுக்க. மாப்பிள்ளை என்ன நெனப்பாரோன்னு கேக்குறியா? அவரு நெத்தி எங்க முடியுது, தலை எங்க தொடங்குதுன்னு நாங்க கேட்டோமா? மைனஸ் அஞ்சுன்னு இப்பவே போன் போட்டுச் சொல்லிரு. லேசரு வச்சப்பறமும் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு. கிட்டப்பார்வைக்காரங்களுக்குப் பெரும்பாலும் கண்ணு முட்டை நீளமா இருக்கும். லேசரு முன்பக்கத்தத்தான் செதுக்கும், நீளம் அப்பிடியே இருக்கும். விழித்திரைல ஓட்டை விழுகுற ஆபத்தும் கொறையாது, வருசா வருசம் மருந்து விட்டு உள்ள பாக்கணும். புள்ளைக்குக் கிட்டப்பார்வை போறதையும் லேசரு தடுக்காது. அப்புறம், வயித்துல புள்ள இருக்கும்போதும் பால் குடுக்கும்போதும் லேசரு கூடாது. பங்குனிய விட்டா எப்பன்னு ரெண்டு பேரும் கலந்து பேசிக்கங்க. மாமன் அதுல தலையிடலை.

இன்னொண்ணு. நாப்பது தாண்டினதும் கிட்டத்து எழுத்துக்குக் கண்ணாடி வரத்தான் செய்யும், அதுக்கும் இந்த லேசருக்கும் சம்பந்தமில்ல. அன்னைக்கு வந்து ஆஸ்பத்திரிக்காரன் ஏமாத்திட்டான்னு கத்தாத.

கடைசியா, லேசருக்கு முன்னாடி எடுத்த கருவிழி அளவு, பவரு, எவ்வளவு செதுக்கினாங்கங்கிற விவரம், எல்லாத்தையும் எழுதி வாங்கி ஃபைல்ல போடு. எனக்கு வந்தது போல ஒனக்கும் ஒரு நாள் புரை வரும். உள்ள வைக்கிற லென்ஸோட பவரக் கருவிழி வளைவ வச்சுத்தான் கணக்குப் போடுறாங்க, செதுக்கின கருவிழில அந்தக் கணக்கு ஒதைக்கும். பழைய அளவு கைல இருந்தா டாக்டருக்கு வேலை சுளுவு. போன்ல படம் எடுத்து வச்சிருக்கேன்னு சொல்லாத, போனு முப்பது வருசம் இருக்காது. ஃபைல எங்கிட்ட குடு, வீட்டுப் பத்திரத்தோட டிரங்குப் பெட்டில வச்சுப் பூட்டுறேன்.