உரப்பு நாட்டமும் செருகுநிரல் பெருக்கமும்: வீட்டு ஒலிப்பதிவாளர் ஒழுகலாறு குறித்த ஓர் ஆய்வு

கணினி, ஆடியோ இன்டர்ஃபேஸ், மைக், ஹெட்ஃபோன் ஆகிய நான்கையும் கொண்டு வீட்டின் ஓர் அறையிலேயே பாடலொன்றைப் பதிந்து முடித்தவர், அதனை வெளியுலகப் பாடலொன்றோடு அடுத்தடுத்து ஒலிக்கவிட்டுக் கேட்கும் கணத்தில் எய்தும் துயரம், அதன் பரவலுக்கு ஏற்ற இடத்தை ஒலியியல் நூல்களில் பெறவில்லை. பிறர் பாடல் நிமிர்ந்து நிற்க, தம் பாடல் அடுத்த அறையிலிருந்து கேட்பதுபோல் ஒடுங்கிக் கிடப்பதை உணரும் அவர், பாட்டையோ பாடியவரையோ ஐயுறுவதில்லை; தம்மிடம் இன்னும் ஒரு செருகுநிரல் குறைகிறது என்றே முடிவு செய்கிறார். இம்முடிவு எவ்வாறு பிறக்கிறது, பிறந்தபின் எத்திசையில் வளர்கிறது என்பவையே ஈண்டு ஆராயப்படும்.

உரப்பு என்பது ஒலியின் வலிமை கேட்போர் செவிக்குத் தோன்றும் அளவாகும். பழந்தமிழ் இலக்கணம் எழுத்தொலியின் நீட்டத்தை மாத்திரையால் அளந்து, அம்மாத்திரைக்குக் கண்ணிமைப்பையும் கைந்நொடிப்பையும் அளவையாகத் தந்ததே அன்றி, உரப்புக்கு அத்தகைய அளவை எதனையும் வகுக்கவில்லை. தொல்காப்பியர் காலத்தில் லிமிட்டர் என்னும் ஒலியமுக்கி இல்லாமையே இதற்குக் காரணம் எனக் கொள்வதில் பிழையில்லை. பிற்காலத்தார் டெசிபல் என்னும் அலகைக் கொண்டு இக்குறையை நிரப்பினர். ஆற்றலை இரு மடங்காக்கினால் 3 டெசிபல் மட்டுமே கூடும் என்பதும், செவிக்கு இரு மடங்கு உரப்பாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு ஆற்றல் வேண்டும் என்பதும் இவ்வலகின் கொடுமைகளாகும்.

கணினி ஒலிப்பதிவில் இக்கொடுமையோடு இன்னொன்றும் சேர்கிறது. ஒலியலையின் ஒவ்வொரு கணத்து உயரமும் அங்கே ஓர் எண்ணாகப் பதியப்படுவதால், எண்களுக்கு ஓர் உச்சம் உண்டு. 16 பிட் பதிவில் மொத்தம் 65,536 படிகளே உள்ளன. அவற்றுள் உச்சப் படிக்குச் சுழியம் என்று பெயரிட்டு, மற்றவற்றை எல்லாம் அதற்குக் கீழே எதிர்க்குறியில் எண்ணுவர். முயன்றால் மேலே செல்லலாம் என்ற எண்ணத்துக்கே இம்முறையில் இடமில்லை. உச்சத்தை மீற முற்படும் அலை தலை வெட்டப்பட்டுத் தட்டையாகிக் கரகரக்கும். இதனைக் கிளிப்பிங் என்பர். ஆகவே எல்லாப் பதிவுகளும் ஒன்றாகக் கலந்த மிக்ஸின் உரப்பைக் கூட்ட எஞ்சிய வழி, உயர்ந்து நிற்கும் முனைகளை அமுக்கிவிட்டு மற்றவற்றை அவற்றின் அருகே தூக்கி நிறுத்துவதே: கூரையை உயர்த்த இயலாத வீட்டில் தரையை உயர்த்துவது போன்றது இது. இடம் கூடுவதில்லை, இருப்போர் தலை கூரைக்கு நெருங்குகிறது.

இவ்வமுக்கலைச் செய்வதற்கென்றும், செய்தபின் ஏற்பட்ட சேதத்தை மறைப்பதற்கென்றும் எழுந்தவையே செருகுநிரல்கள். பயன்படுத்துவோர் ப்ளக்-இன் என வழங்கும் இவை, ஒலிப்பதிவு மென்பொருளின் ஒவ்வொரு டிராக்கிலும் ஒன்றன்கீழ் ஒன்றாகச் செருகப்படும் சிறு நிரல்களாகும். ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1996-இல் வி.எஸ்.டி. என்னும் பொதுமுறையை வெளியிட்டு, பிறரும் இத்தகைய நிரல்களை எழுத வழிதிறந்தது. அதற்கு முன், அமுக்கலைச் செய்யும் கம்ப்ரஸர் ஒன்று வேண்டுமெனில் பெரும்பாலும் இரும்புப் பெட்டி ஒன்றை விலைகொடுத்து வாங்கித் தூக்கி வரவேண்டியிருந்ததால், பணமும் முதுகும் ஆசைக்கு வரம்பாக இருந்தன. அவ்வரம்பு நீங்கிய பின் ஒருவரிடம் கம்ப்ரஸர் எத்தனை இருக்கலாம் என்பதற்கு இயற்கை விதி எதுவும் எஞ்சவில்லை.

செருகுநிரல்களுள் தனித்து நோக்கத்தக்கவை பழம்பொருட் போலிகளாகும். 1960-களில் ஜிம் லாரன்ஸ் உருவாக்கிய எல்.ஏ.-2ஏ, ஒளிரும் தகடொன்றையும் ஒளியுணர் மின்தடையையும் கொண்டு குரலின் ஏற்றத்தாழ்வை மெல்லச் சமன்செய்யும் பெட்டி. அப்பத்தாண்டின் பிற்பகுதியில் பில் பட்னம் வடிவமைத்த 1176, அதே வேலையை மின்னல் வேகத்தில் செய்வது. இப்பெட்டிகளின் செயலோடு, முகப்பின் கீறல்களையும் துள்ளும் மீட்டர் முள்ளையும்கூடத் திரையில் வரைந்து தருவது மரபு. 1176-இல் ஒன்றையொன்று விலக்குமாறு அமைந்த நான்கு பொத்தான்களை யாரோ ஒரு பொறியாளர் ஒருசேர அழுத்த, அதனால் விளைந்த முறைகேடான ஒலி பலருக்கும் பிடித்துப்போயிற்று. அம்முறைகேட்டையும் நிரலாளர்கள் பிசகாமல் கணக்கிட்டு நிரலில் சேர்த்துள்ளனர். இன்னும் வியத்தகுவது மின்னிரைச்சல். பழைய பெட்டிகள் மின்சாரத்தின் அதிர்வெண்ணில் மெல்லிய ரீங்காரம் எழுப்பின என்பதற்காக, இந்திய, ஐரோப்பிய மின்சாரத்துக்கு 50 ஹெர்ட்ஸ், அமெரிக்க மின்சாரத்துக்கு 60 ஹெர்ட்ஸ் எனத் தேர்ந்து கொள்ளும் வசதியோடு வரும் செருகுநிரல்கள் உள்ளன. தம் வீட்டு வயரிங்கிலிருந்து மைக்கில் ஏறிய 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தை ஒரு செருகுநிரலால் நீக்கி, அடுத்ததில் 60 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தைச் சேர்த்துக் கொள்ளும் ஒலிப்பதிவாளர், மின்வாரியத்தின் துணையின்றியே கலிஃபோர்னியாவுக்கு இணைப்புப் பெற்றவராகிறார்.

இத்தனையும் எதற்காகச் சேர்க்கப்படுகின்றன எனின், சேர்க்குந்தோறும் நன்றாகக் கேட்பதால் என்க. இது பொய்யன்று. ஆனால் ஏன் நன்றாகக் கேட்கிறது என்பதில்தான் இவ்வாராய்ச்சியின் உயிர்நிலை உள்ளது. 1933-இல் ஃபிளெட்சர், மன்சன் ஆகிய இருவரும் பெல் ஆய்வகத்திலிருந்து வெளியிட்ட வளைகோடுகள், ஒலி மெலிந்திருக்கையில் மனிதச் செவி தாழ் அதிர்வெண்களைப் பெரிதும் தவறவிடுகிறது என்பதையும், உரப்பு கூடக்கூட அவை மீண்டு வருகின்றன என்பதையும் காட்டின. எனவே எப்பாடலையும் 1 டெசிபல் கூட்டி ஒலிக்கவிட்டால், உரப்புக் கூடியதாக எவரும் சொல்லார்; அடிக்கனம் வந்தது, குரல் முன்னே வந்தது, ஏதோ ஒரு கதகதப்பு வந்தது என்றே சொல்வர். செருகியவுடன் ஒலியளவைச் சிறிது உயர்த்திவிடும் செருகுநிரல்கள் பல. அவ்வாறு உயர்ந்ததை அவுட்புட் திருகால் இறக்கிச் சமன்செய்துவிட்டு ஒப்பிடுவதே முறை என்று எல்லா நூல்களும் கூறும். அவ்வாறு செய்தால் வாங்கிய பொருளின் பெருமை பாதியாகக் குறைந்துவிடுமாதலால், அதனைச் செய்வார் அரியர்.

இவ்வாறு ஒப்பிடுதற்கு உதவும் பைபாஸ் என்பது, செருகுநிரலை எடுத்துவிடாமல், ஒலி அதன் வழியே செல்லாதவாறு விலக்கி வைக்கும் பொத்தான். ஒலிப்பதிவாளர் ஒருவர் ஈக்யூ எனப்படும் அதிர்வெண் திருத்தியின் திருகு ஒன்றைப் பிடித்து, 3 கிலோஹெர்ட்ஸ் பகுதியை மயிரிழை மயிரிழையாக உயர்த்திக் குரலில் தெளிவு பிறப்பதைக் கேட்கிறார். சற்று மிகுந்துவிட்டது என்று அரை டெசிபல் இறக்குகிறார். இதுவே சரி என்று கண்மூடித் தலையசைக்கிறார். கண்ணைத் திறந்தபின் அந்த ஈக்யூ தொடக்கம் முதலே பைபாஸில் கிடந்ததைக் காண்கிறார். இத்துறையில் நெடுநாள் பழகியவருள் இந்நிலையை எய்தாதவரைக் காண்பது அரிது. ஒலி மாறாமலே மாற்றம் கேட்கப்பட்டது எனின், மாறியது கேட்போர் உள்ளம் என்று ஒரு சாரார் கூறுவர். திருகு திரும்பியதைக் கண் கண்டமையால் செவி அதற்கு உடன்பட்டது என்று பிறிதொரு சாரார் கூறுவர். இருசாராரும் ஒரு செய்தியில் உடன்படுகின்றனர்: மறுநாள் அந்த ஈக்யூவை இயக்கி, அதே திருகை அதே இடத்தில் வைத்துக் கேட்டால் நன்றாக இருப்பதில்லை.

இனி லிமிட்டர். மிக்ஸ் முழுவதற்கும் இறுதியில் காவலாக நின்று, குறித்த உச்சத்தை எம்முனையும் தாண்டாதவாறு அமுக்குவது இது. கண்ணிமைப்பின் மிகச் சிறு பங்காகிய ஓரிரு மில்லிநொடி முன்னே வரவிருக்கும் அலையையே பார்த்துவிடுவதால், இலக்கண நூலார் கொண்ட அளவைகளுக்கு இது பிடிபடாது. 1994-இல் வேவ்ஸ் நிறுவனத்தின் எல்1 வந்தபின், த்ரெஷோல்டு எனப்படும் எல்லைக் கோட்டைக் கீழே இழுத்தால் பாடலின் உரப்புப் பெருகும் என்னும் இன்பம் சுட்டியை நகர்த்தத் தெரிந்த எவருக்கும் உரியதாயிற்று. உரப்புக்கான போட்டி அதற்கும் மூத்தது. அமெரிக்க உணவகங்களின் காசுப்பாட்டுப் பெட்டிகளாகிய ஜூக்பாக்ஸ்களில் ஒலியளவைக் கடைக்காரரே ஒருமுறை அமைத்துவிடுவதால், பிற இசைத்தட்டுகளை விட உரக்கப் பதிந்த தட்டே உண்போர் காதில் விழும் என்பதைத் தட்டு வணிகர் முன்பே அறிந்திருந்தனர். சிடி வந்து கணினியும் வந்தபின் போட்டி எல்லை கடந்தது. 2008-இல் மெட்டாலிகா குழுவின் டெத் மேக்னடிக் என்னும் இசைத்தொகுப்பு வெளிவந்தபோது, அப்பாடல்கள் கிட்டார் ஹீரோ என்னும் விளையாட்டில் இருந்த வடிவம் குறைவாக நசுக்கப்பட்டிருந்ததால், விலைகொடுத்து வாங்கிய தட்டைவிட விளையாட்டே நன்றாகக் கேட்கிறது என்று இரசிகர்கள் முறையிட்டனர். இரைச்சலுக்குப் பேர்போன ஓர் இசைவகையின் அன்பர்களே இவ்வாறு முறையிட நேர்ந்தமை உரப்பு வரலாற்றில் ஒரு திருப்பமாகும்.

இப்போட்டிக்குப் பொருளில்லாமல் செய்தவை தரநிலைகள். 2006-இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பி.எஸ். 1770 என்னும் பரிந்துரையால், முனைகளை விடுத்து, செவி உணரும் உரப்பைப் பாடல் முழுவதற்கும் சராசரியாக அளக்கும் முறையை வகுத்தது. அதன் அலகை எல்.யு.எஃப்.எஸ். என்பர். இதனைக் கொண்டு ஸ்பாட்டிஃபை பாடல்களை இயல்பு அமைப்பில் -14 என்னும் அளவுக்குக் கொணர்கிறது. ஆகவே வீட்டு ஒலிப்பதிவாளர் மூன்று லிமிட்டர்களை அடுக்கி, மத்தளத்தின் அடி அட்டையைத் தட்டுவதுபோல் ஆகும்வரை நசுக்கி, -7-க்கு உயர்த்தி அனுப்பிய பாடலை, அந்நிறுவனம் ஒரு சொல்லும் சொல்லாமல் 7 டெசிபல் இறக்கி வைக்கிறது. உரப்புத் திரும்பப் பெறப்படுகிறது. நசுக்கல் அவரிடமே விடப்படுகிறது. மாஸ்டரிங் வல்லுநர் பாப் கேட்ஸ் 2013-இலேயே உரப்புப் போர் முடிந்தது என்று அறிவித்தார். படுக்கையறைகளுக்கு அச்செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

அங்ஙனமாயின், ஒரே அளவில் இறக்கியபின்னும் தேர்ந்தவர் மிக்ஸ் பெரிதாகக் கேட்பது ஏன் என்று வினவலாம். விடை சுவையற்றது. மனிதச் செவிக்கு மங்கலாகவே எட்டுவதும் சிறு ஸ்பீக்கருக்கு எட்டாததுமாகிய 30 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட உறுமல், ஒலியின் ஆற்றலில் பெரும்பங்கை விழுங்கி லிமிட்டரை வீணே உழைக்க வைக்கிறது; பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் ஒரே இடத்துக்கு முட்டிக்கொள்கின்றன; ஐந்து கருவிகள் ஒருங்கே ஒலிக்குமிடத்தில் எதுவும் பெரிதாகக் கேட்பதில்லை. மென்பொருளோடு இலவசமாக வந்து தாழ் அதிர்வுகளை வடித்துவிடும் ஹை-பாஸ் ஃபில்டரும், ஒரு கருவியை நிறுத்தி வைக்கும் மியூட் பொத்தானும் இக்குறைகளைத் தீர்க்கும். ஆனால் இவ்விரண்டுக்கும் தள்ளுபடி விற்பனை நடப்பதில்லை. முகப்பில் மரச்சட்டமும் இல்லை.

இவ்வுண்மையை உணர்ந்தோரிடமும் ஒரு புதிய ஒழுக்கம் தோன்றியுள்ளது. உரப்பை நசுக்கிப் பெறலாகாது, அளந்தே பெறவேண்டும் எனத் தெளிந்த அவர்கள், உரப்பு மீட்டர் ஒன்றை விலைகொடுத்து வாங்கி வரிசையின் கடைசியில் செருகுகின்றனர். மீட்டர் அளப்பது மட்டுமே. தன் வழிச் செல்லும் ஒலியை அது தொடுவதில்லை. எனினும் அதனைச் செருகிய பின் மிக்ஸ் சற்று விரிந்து கேட்கிறது என்பது அவர்கள் துணிபு. விலை மிகுந்த மீட்டரில் இன்னும் சற்று.