பிறந்தநாள் அழைப்பு வழுவியல்

குழந்தைகளின் பிறந்தநாளுக்கு அழைப்பதில் நேரும் பிழைகளுக்கு இதுவரை யாரும் இலக்கணம் செய்யவில்லை. பவணந்தி முனிவர் காலத்தில் ரிட்டர்ன் கிஃப்ட் கிடையாது என்பதால் அவரைக் குறை சொல்ல முடியாது. கருவிகளை மட்டும் நமக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இரண்டு சொற்கள் சேரும்போது நேரும் விகாரம் மூன்று என்கிறது அவருடைய நன்னூல். பூங்கொடியில் ஒரு 'ங்' முளைப்பது தோன்றல். பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆவது திரிதல். மரவேரில் மகரம் காணாமல் போவது கெடுதல். இரண்டு குடும்பங்கள் சேரும்போதும் இந்த மூன்றேதான். நான்காவது உண்டு என்பவர்கள் என் மனைவியிடம் பேசிக்கொள்ளலாம்.

தோன்றலாவது, அழைக்காத பிள்ளை வந்து நிற்பது. பெரும்பாலும் அழைத்த பிள்ளையின் தம்பி. மே மாதமென்றால் மாடி வீட்டுக்கு லீவுக்கு வந்த பேரன். ரிட்டர்ன் கிஃப்டை மூன்று கூடுதலாக வாங்கி வைத்தால் தீர்ந்தது. இதில் ஆராய ஒன்றுமில்லை.

கெடுதலாவது, பட்டியலில் ஒரு பெயர் விட்டுப்போவது. இதற்குப் பயந்துதான் கல்யாணப் பத்திரிகையிலேயே 'நேரில் வந்து அழைத்ததாகக் கருதவும்' என்று அச்சடித்துவிடுகிறோம். குற்றம் நடக்கும் முன்பே மன்னிப்பும் கேட்டாயிற்று. ஆறு வயதுக்காரர்கள் எதையும் அப்படிக் கருதிக்கொள்வதில்லை என்பதுதான் சிக்கல். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் தெரியாமல் அழைப்பைப் போட்டு, பதறி அழிப்பது இதன் உட்பிரிவு. மரவேரில் கெட்ட மகரம் தடயம் வைக்காது. வாட்ஸ்அப்போ, இங்கே ஒரு செய்தி இருந்தது, நீக்கப்பட்டது என்று பறையறிவித்துவிடும். அழைப்பைப் படிக்காத அம்மாக்கள்கூட அழித்ததைப் படிப்பார்கள்.

திரிதல்தான் பெரிய இயல். ஒருவருக்குப் போக வேண்டியது இன்னொருவருக்குப் போவது. தமிழ்நாட்டில் குடும்பப் பெயர் பெரும்பாலும் கிடையாது. ஒரே பெயர்க்காரர்களைப் பிரிப்பது அப்பா பெயரின் இனிஷியல் ஒன்றுதான். கைப்பேசியில் அந்த வேலியும் இல்லை. பிள்ளையின் தோழியுடைய தாயை அவர் சொந்தப் பெயரில் யார் பதிந்து வைக்கிறோம்? 'இன்னார் அம்மா', அவ்வளவுதான். என் மகள் வகுப்பில் ஒரே பெயரில் இருவர். பெயரை எழுதினால் இன்னும் நாலு வீட்டில் மனத்தாங்கல் வரும். எஸ், கே என்று வைத்துக்கொள்வோம். கே, என் மகளோடு ஒரே பெஞ்ச். எஸ், ஜன்னலோரம்.

"அவ அம்மாவுக்கு மறக்காம அனுப்பிடுங்க" என்றாள் மனைவி. மறக்காமல் அனுப்பினேன். சனிக்கிழமை ஐந்து மணிக்கு பட்டுப்பாவாடையோடு எஸ் வந்தாள். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஆடினாள். கே வரவில்லை.

பொற்குடத்தில் னகரம் போய் றகரம் வந்ததற்கு எந்த உரையாசிரியரும் கண்ணீர் விட்டதில்லை. எங்கள் வீட்டில் னகரத்தைக் கேட்டு மகள் அழுதாள். வந்துவிட்ட றகரத்திடம் உண்மையைச் சொல்வதோ, வழுக்களிலெல்லாம் பெரிய வழு. ஆகவே யாரும் வாய் திறக்கவில்லை.

இனி, அமைதி. பிழையைப் பிழை என்று தெரிந்தே ஒரு காரணத்துக்காக ஏற்றுக்கொள்வதை வழுவமைதி என்பார்கள். ஆசையாய் வளர்த்த பசு வீடு திரும்பும்போது 'என் அம்மை வந்தாள்' என்று சொன்னால் திணை பிசகுகிறது; அன்பினால் சொன்னதால் குற்றமில்லை. அழைப்பு வழுவுக்கும் அமைதி பல உண்டு. நான் முதலில் கையாண்டது பழிமாற்று அமைதி: "நெட்வொர்க் சரியில்லைங்க, மெசேஜ் போகலை போல." கேயின் அம்மா, "பரவாயில்லைண்ணா, ஸ்டேட்டஸ்ல போட்டோ எல்லாம் பாத்தோம்" என்றார். எங்கள் நெட்வொர்க் படங்களை மட்டும் ஒழுங்காகக் கொண்டுபோயிருந்தது.

அடுத்தது டப்பா அமைதி. மிச்சமிருந்த கேக்கை எவர்சில்வர் டப்பாவில் வைத்து மனைவி கொண்டுபோய்க் கொடுத்தாள். நம் பக்கத்தில் பாத்திரம் காலியாகத் திரும்புவதில்லை. புதன்கிழமை அதே டப்பா முறுக்கோடு வந்தது. முறுக்கு வந்த டப்பாவை வெறுமனே கழுவி வைத்துக்கொள்ள முடியுமா, வேறு டப்பாவில் எள்ளுருண்டை போனது. அது அதிரசமாகத் திரும்பியது. மூன்றாம் நடையில் அம்மாக்கள் இருவரும் நெருங்கிய சிநேகிதிகள் ஆகிவிட்டார்கள். சேர்ந்து சேலை எடுக்கப் போகும் அளவுக்கு. கேவுக்கு மட்டும் இன்னும் ஒன்றும் ஆகவில்லை. பெரியவர்கள் செய்யும் சமாதானத்தில் இதுதான் என் வழக்கமான புகார்: மனசு நொந்தது ஒருவருக்கு, முறுக்கு போவது இன்னொருவருக்கு.

ஆக மிஞ்சியது ஒன்றே. வேற்றுமைகள் எட்டு, எட்டாவது விளி, அதாவது கூப்பிடுவது. கூப்பிடாத குற்றத்துக்குக் கூப்பிடுவதைத் தவிர வேறு அமைதி இல்லை என்பது என் முடிபு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அரைக்கிலோ கேக் வாங்கி, கேயை அவள் வீட்டுக்கே போய், அவளிடமே சொல்லி அழைத்து வந்தோம். சுருங்கிப் போன பழைய பலூன்கள் ஐந்து மிச்சமிருந்தன. கேக்கில் பூ இருந்த துண்டு அவளுக்கு. அதைக் கையில் வாங்கிக்கொண்டு வீடு முழுக்க ஒரு சுற்றுப் பார்த்தவள் கேட்டாள்:

"எஸ் வரலையா அங்கிள்? அவளை ஏன் கூப்பிடலை?"

எஸ்ஸின் அம்மாவுக்கு நானே போன் செய்தேன். எண்ணை இரண்டு முறை சரிபார்த்துவிட்டு.